சும்மா இருந்த ரெண்டு வருசம்

ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்றாவது வீட்டுப் பையன் கையில் ஒரு ஃபைலோடு வந்து நின்றான்.

“மாமா, பயோடேட்டா ஒண்ணு பாத்துத் தரணும். வியாழக்கிழமை கோயம்புத்தூருல இண்டர்வியூ இருக்கு.”

வேலையில் இருந்தபோது இருபது வருடத்துக்கு மேல் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுத்தவன் நான் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெற்று நாகர்கோவில் பக்கம் ஊரோடு வந்துவிட்ட பிறகு, இதுதான் என் ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம். சம்பளம் கிடையாது. எப்போதாவது ஒரு சீப்பு மட்டிப்பழம் வரும்.

ஆறு பக்கம். முதல் பக்கத்தில் கோட்டும் டையுமாக ஒரு போட்டோ. இவனை டவுசர் போட்ட காலத்திலிருந்து பார்க்கிறேன், கோட்டுப் போட்டுப் பார்த்ததில்லை.

“ஆருக்க கோட்டுடே இது?”

“ஸ்டூடியோக்காரரு கம்ப்யூட்டர்ல ஒட்டினது மாமா.”

உற்றுப் பார்த்தால் கழுத்துக்கும் காலருக்கும் நடுவே நூல்போல ஒரு வெள்ளைக்கோடு. கோட்டுக்குச் சொந்தக்காரனின் தோள், பையனின் தோளைவிட நாலு விரல் அகலம்.

போட்டோவுக்குக் கீழே லட்சியம். சவால்கள் நிறைந்த சூழலில் என் திறமைகளை நிறுவனத்தின் வளர்ச்சிக்காக முழுமையாக அர்ப்பணித்து... என்று ஆங்கிலத்தில் போகும் அந்தப் பத்தியை, வாழ்க்கையில் ஆயிரம் தடவையாவது படித்திருப்பேன். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டர்காரர் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பத்தியை ஒட்டிக் கொடுப்பார். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. ஆங்கிலம் மட்டும் திருந்தியிருக்கிறது. பொழுதுபோக்கு என்ற இடத்தில் புத்தகம் வாசித்தல்.

“கடைசியா என்ன புஸ்தகம் வாசிச்சே மக்கா?”

சிரித்தான். நானும் சிரித்தேன். எழுத்துப் பிழை ஏழு இருந்தது. சுழித்தேன். வேறொரு கம்பெனிக்கு அனுப்பிய கடிதத்தில் பெயரை மாற்ற மறந்து அப்படியே வைத்திருந்தான். அதையும் சுழித்தேன். இந்த மாதிரி தப்புகளுக்கெல்லாம் ஒரு சிவப்பு மை பேனா போதும்.

நாலாவது பக்கத்தில்தான் நின்றுவிட்டேன். பி.இ. மெக்கானிக்கல் முடித்த வருடம் இருக்கிறது. அதற்கப்புறம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் எட்டு மாதம் இருந்தது இருக்கிறது. நடுவே இரண்டு வருடத்தைக் காணோம்.

“இந்த ரெண்டு வருசம் என்னடே செய்தே?”

“சும்மாதான் இருந்தேன் மாமா.”

எனக்குத் தூக்கம் குறைந்துபோன வயசு. அந்த இரண்டு வருடமும் விடியற்காலை மூன்று மணிக்கு எங்கள் தெருவில் ஒரு பைக் கிளம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவன் நான். அப்பாவுக்கு சர்க்கரை வியாதியில் கால் போன வருடம் அது. தங்கச்சி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். தடிக்காரன்கோணம் தாண்டி கீரிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு இவன் பால்வெட்டப் போய்க்கொண்டிருந்தான். நெற்றியில் கட்டிய டார்ச் விளக்கோடு, வெயில் ஏறுமுன்னே மரம் மரமாக ஓடவேண்டிய வேலை. வெயில் வந்தால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஒரு ஆளுக்கு முந்நூறு மரமாவது கணக்கு. மேலிருந்து சரிவாக ஒரு கோடு. ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் தடியைக் கத்தி தொடக் கூடாது. தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடம் முண்டு முண்டாக வீங்கி, பிறகு அங்கே வெட்டவே முடியாமல் போகும். அப்புறம் சிரட்டைகளில் சேர்ந்த பாலை எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப் போட்டு, பத்து மணிக்கு மேல் வீடு வந்து சேருவான். கையெல்லாம் ஒரு புளிச்ச வாடை இருக்கும்.

இந்த இரண்டு வருடத்துக்குத்தான் அவன் வைத்திருந்த பெயர், சும்மா.

“பால்வெட்டுனதை ஏண்டே எழுதல்லே?”

முகம் கறுத்துவிட்டது. உள்ளே யாராவது கேட்டுவிட்டார்களா என்று என் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். “அதெல்லாம் ஒரு வேலையா மாமா...”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால், எனக்கு 1976 ஞாபகம் வந்துவிட்டது.

*

அப்போது நாகர்கோவிலுக்கு ரயில் கிடையாது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்குத் தண்டவாளம் போட்டு வண்டி ஓடியது 1979-ல்தான். பஸ்ஸில் திருநெல்வேலி போய், ரயில் பிடித்து, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் கழிவறை வாசலில் உட்கார்ந்து மெட்ராஸ் போனேன். ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. கசங்காமல் இருக்க அதைச் செய்தித்தாளில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன்.

என் அப்பா வைப்புக்காரர். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதானால், கல்யாண வீட்டுச் சமையல்காரர். எங்கள் பக்கத்துச் சாப்பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பருப்பு, சாம்பார், அவியல், எரிசேரி, பச்சடி, கிச்சடி, புளிசேரி, ரசம், இரண்டு வகைப் பிரதமன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அப்பாவுக்குச் சிட்டை எழுதியவன் நான். ஐந்நூறு இலை என்றால் எத்தனை தேங்காய், எத்தனை வாழைக்காய், எவ்வளவு வெல்லம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, பிறகு அவர் சொல்லாமலே எழுதப் பழகியிருந்தேன். தேங்காய் திருவ எட்டுப் பேர், காய் வெட்டப் பத்துப் பேர். கோபித்துக்கொண்டு உருளியைப் போட்டுவிட்டுப் போகிறவனைச் சமாதானம் பண்ணிக் கூட்டி வருவதும் என் வேலைதான். முகூர்த்தம் முடிந்தவுடன் பந்தி. ஐந்து நிமிடம் தவறினால் ஊர் சிரிக்கும்.

இண்டர்வியூவில் முதல் கேள்வி, அப்பா என்ன செய்கிறார்?

“விவசாயம் சார்.”

கேட்டவர் அம்பாசமுத்திரத்துக்காரர். அது எனக்கு எப்படித் தெரியும்? சந்தோஷமாகத் தமிழுக்கு மாறினார். “எங்க பக்கம் கார், பிசானம்பாங்க. உங்க நாஞ்சில் நாட்டுல என்ன?”

“கன்னிப்பூ, கும்பப்பூ சார்.” இது எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

“எத்தனை கோட்டை விதைப்பாடு இருக்கும் உங்களுக்கு?”

எங்களுக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன். “பத்து சார்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். “பத்துக் கோட்டை விதைப்பாட்டுக்காரன் வீட்டுப் பிள்ளை, இந்தச் சம்பளத்துக்கு மெட்ராசுக்கு வருவானாடே?”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் கணக்கு எழுதத் தெரியுமா, ஆட்களை வைத்து வேலை வாங்கியதுண்டா என்று ஒப்புக்குக் கேட்டார்கள். இல்லை சார், இல்லை சார் என்றே சொன்னேன். ஒரு பொய்யைச் சொன்னதால் இரண்டு உண்மையையும் சேர்த்து விழுங்க வேண்டியதாயிற்று. அந்த வேலை கிடைக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தபோது அப்பா ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் ஒழுகினசேரியில் ஒரு கல்யாணம். சிட்டை எழுத உட்கார்ந்தேன்.

*

வேலை தேடுகிறவர்கள் செய்யும் பிழைகள் என்று புத்தகங்கள் போடுகிறார்கள். நேரத்துக்குப் போகாதது, பழைய முதலாளியைக் குறை சொல்வது, என்ன சம்பளமானாலும் சரி சார் என்று குழைவது, போனை அணைக்காமல் போவது. எல்லாம் சரிதான். படித்துக்கொள்ள வேண்டியவைதான். இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டாதே என்பதும் அதில் இருக்கும். அதில் எனக்கு மறுபேச்சில்லை. போலி அனுபவச் சான்றிதழ் வாங்கி உள்ளே போகிறவன் கம்பெனியை மட்டும் ஏமாற்றவில்லை. அவனுக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்ற ஒருத்தனின் சோற்றை எடுத்துக்கொண்டு போகிறான்.

ஆனால், இருப்பதை இல்லை என்று சொல்லும் பொய்யைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அது யாரையும் கெடுக்காது, சொல்கிறவனை மட்டும் சிறிதாக்கும். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797-ல் எழுதிய ஒரு கட்டுரையில், கொலைகாரன் வந்து உன் நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று வாதாடினார். வள்ளுவர் அவ்வளவு கறார் இல்லை. வாய்மை அதிகாரத்திலேயே பொய்க்கும் ஒரு திண்ணை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார், யாருக்கும் தீங்கில்லாத நன்மை வருமென்றால். சரி, பையன் சொன்ன ‘சும்மா’ அந்தத் திண்ணையில் உட்காருமா? தீங்கு இல்லை. நன்மையும் இல்லை. என்னைப்போல மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் அந்தச் ‘சும்மா’வைப் பார்த்து என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும். சோம்பேறி என்று நினைப்பான். நானே நினைத்திருக்கிறேன். இடைவெளி தெரிந்தால் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டு, அந்தக் காகிதத்தை அடியில் தள்ளிவிடுவேன். இருபது வருடத்தில் எத்தனை வட்டம் போட்டிருப்பேன்! அந்த வட்டத்துக்குள் எத்தனை பேருடைய அப்பாவின் கால் இருந்ததோ, எத்தனை தங்கச்சிகளின் ஃபீஸ் இருந்ததோ. ஒருத்தனையாவது கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது நேரம் இல்லை.

ஆகவே பையனிடம் சொன்னேன். “எழுதுடே. ரெண்டு வருசம், தினமும் முந்நூறு மரம்னு எழுது. கத்தி பிடிக்கத் தெரிஞ்ச மெக்கானிக்கல் இன்ஜினீயர் எத்தனை பேரு இருக்கான்?”

அவன் சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

“மாமா, நீங்க சொல்லுவிய. பால்வெட்டுன்னு எழுதிக் குடுத்தா, அப்போ நீ அதையே செய்துக்கிட்டு இருக்க வேண்டியதுதானேன்னு அவன் கேப்பான். நான் என்ன சொல்ல?”

*

இந்தக் கேள்வி அவனுடையது மட்டுமில்லை. எங்கள் மாவட்டம் திருவிதாங்கூராக இருந்த காலத்திலேயே ஒருத்தருக்கு இந்தப் பதில் கிடைத்திருக்கிறது.

டாக்டர் பல்பு. 1863-ல் திருவனந்தபுரத்தில் ஈழவர் குடும்பத்தில் பிறந்தவர். சென்னைக்குப் போய் மருத்துவம் படித்துத் தேறி வந்தார். சொந்த ராஜ்யத்தில் டாக்டர் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. படிப்பில் குறையில்லை, சான்றிதழில் பிழையில்லை. சாதிதான் காரணம். மைசூர் சமஸ்தானம் அவரை எடுத்துக்கொண்டது. பெங்களூரில் பிளேக் நோய் வந்து ஊரே காலியானபோது அங்கே நின்று வைத்தியம் பார்த்தார்.

1891-ல், பெரிய உத்தியோகமெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கே போகிறது என்று பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டு மகாராஜாவுக்கு மலையாளி மெமோரியல் கொடுத்தார்கள். அதில் பல்புவின் கையெழுத்தும் உண்டு. ஈழவர்களைப் பற்றி அரசாங்கம் தந்த பதிலின் சாரம் என்ன தெரியுமா? அவர்களில் படித்தவர் குறைவு, பரம்பரைத் தொழிலைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவர்களுக்கு நல்லது. 1896-ல் பல்பு 13,176 பேரிடம் கையெழுத்து வாங்கி ஈழவ மெமோரியல் கொடுத்தது அதற்கப்புறம்தான்.

மூன்றாவது வீட்டுப் பையனுக்கு இந்த வரலாறு தெரியாது. ஆனால், எலும்பில் தெரிந்திருக்கிறது. தொழிலைச் சொன்னால் தொழிலிலேயே கட்டிப்போட்டு விடுவார்கள் என்ற பயம் நூற்றாண்டுப் பயம். என் ‘விவசாயம் சார்’ அந்தப் பயத்தில் வந்ததுதான். அதை வெறும் வெட்கம் என்றோ, பொய் என்றோ நான் எளிதாகச் சொல்லிவிட முடியாது. தற்காப்பும் அதில் இருக்கிறது.

அந்தக் காலம் போய்விட்டது என்பீர்கள். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2007-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். செய்தித்தாளில் வந்த தனியார் கம்பெனி விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயர் உள்ள விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இண்டர்வியூவுக்குப் போய் உட்கார்ந்து தப்பாகப் பேசுவதற்கு முன்னாலேயே நடக்கிற காரியம் இது. எந்த டை கட்டி இதைச் சரி செய்வது?

தமிழ்நாட்டில் நாம் பெயருக்குப் பின்னால் சாதியை எடுத்துவிட்டு, முன்னால் இனிஷியலை வைத்துக்கொண்டோம். நல்ல காரியம். ஆனால், கேட்கிறவனுக்கு வேறு வழி இருக்கிறது. எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா என்ன செய்றாரு? எங்கள் ஊரில் இன்னும் சுருக்கம்: ஆருக்க மவன்டே? பாசமாகக் கேட்பது போலத்தான் இருக்கும். பல நேரம் பாசம்தான். சில நேரம் அது தராசு.

இன்னொரு கணக்கும் உண்டு. 2022 ஜூலையில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு நடந்தது. அறிவிப்பில் சொன்ன இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேர், இவன் வெட்டுகிற மரத்தின் எண்ணிக்கை. முந்நூறு பேரும் ஒரு பிழை இல்லாமல் எழுதினாலும் 299 பேர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அப்படித் திரும்பி வந்த பிள்ளையிடம் போய், எங்கேடே தப்புப் பண்ணினே என்று கேட்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்காதது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம் எங்களுடையது, 91.75 சதவீதம். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமைக்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. படித்த பிள்ளை கையில் கத்தியோடு நிற்பதைப் பார்க்க எங்களுக்குத் தாங்காது. பி.இ. படிச்சுட்டு பால்வெட்டப் போறான் என்று சொல்லும்போது, அந்தக் குரலில் இரக்கம் கால்பங்கு, திருப்தி முக்கால்பங்கு. மணிமேடைப் பக்கம் போகிறபோதெல்லாம் நினைத்துக்கொள்வேன். அங்கே கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனுக்குச் சிலை வைத்திருக்கிறோம். ஒழுகினசேரியில் 1908-ல் பிறந்து, சின்ன வயதில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர். சிலைக்கு மாலை போடுவோம். நம் வீட்டுப் பிள்ளை கொட்டகை வாசலில் முறுக்குத் தட்டோடு நின்றால், அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம்.

‘வறுமையின் நிறம் சிவப்பு’ 1980-ல் வந்தது. வேலை கிடைக்காத பட்டதாரி கடைசியில் முடிவெட்டும் தொழிலுக்குப் போவான். தியேட்டரில் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். வெளியே வந்து யாரும் தன் பிள்ளையிடம் அப்படிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

*

இந்த வெட்கம் வேலையைக் கெடுப்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஊரில் சும்மா இருக்கிறான் என்ற பேச்சுக்குப் பயந்துதான், எங்கள் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு பாஸ்போர்ட்டை நீட்டுகிறார்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறேன் என்று வருகிறவரிடம், லைசென்ஸ் நம்பர் என்ன என்று கேட்கக் கூச்சம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று விதி சொல்லும் சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கொடுக்கிறோம், அம்மாவின் சங்கிலியை விற்று. தமிழ்நாடு அரசே 1978-ல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே விசாரித்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று ரகசியமாகக் கிளம்புகிறார்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அதையும் நம்புகிறார்கள்.

2022-ல் நடந்தது நினைவிருக்கும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், இணையத்தில் மோசடி செய்ய வைத்து அடைத்து வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அந்த அக்டோபரில் ஒரு குழுவினர் மீட்கப்பட்டு சென்னை வந்து இறங்கினார்கள். ஏமாந்தது அவர்கள் தப்பு என்று அன்றைக்கும் டீக்கடையில் பேசிக்கொண்டோம். இங்கே எந்த வேலையையும் செய்யவிடாமல் துரத்தியது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

*

பையன் இன்னும் என் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தான். நான் என்ன பதில் சொல்வது?

எனக்கு வந்து சேர வேண்டியது மாதாமாதம் வந்து சேருகிறது. உண்மையைச் சொல் என்று சொல்ல எனக்குக் காசு செலவில்லை. அதற்கு விலை கொடுக்கப் போகிறவன் அவன். அந்தக் கோயம்புத்தூர்க்காரர் என்னைப்போல ஒரு சிவப்பு வட்டம் போடுகிறவராக இருந்தால்? பால்வெட்டு என்று படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து உதட்டைச் சுழித்தால்? ஊர்ப் பிள்ளையைப் பலி கொடுத்து என் 1976 பொய்க்குப் பரிகாரம் தேடுகிறேனோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

கடைசியில் இப்படிச் சொன்னேன். “மக்கா, உன் தலையில யாரோ எழுதி வச்ச வேலைன்னா, அதை மறைக்க உனக்கு உரிமை உண்டு. ஆனா, இது நீயா எடுத்த வேலை. அப்பாவுக்குக் கால் போனப்போ நீ போய் எடுத்தே. எடுத்த மாதிரியே தங்கச்சி படிச்சு முடிச்சதும் விட்டே. அதையே செய்தா என்னன்னு அவன் கேட்டா, அதைச் செய்து தங்கச்சியை நர்ஸ் ஆக்கியாச்சு சார், இனி இதைச் செய்யணும்னு சொல்லு. எழுதுறதும் எழுதாததும் உன் இஷ்டம். சும்மா இருந்தேன்னு மட்டும் சொல்லாதே. அது பொய்.”

பதில் சொல்லவில்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் அவன் அம்மா வந்தாள். “அண்ணாச்சி, என்னமோ எழுதச் சொன்னியளாமே. அவனுக்க அப்பா காலையிலே இருந்து பேசாம இருக்காரு.” எனக்குச் சங்கடமாகிவிட்டது. “கோவமா இருக்காரா?” என்றேன். “தெரியல்லே. அந்தக் கடுதாசியை வாங்கி வச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுல்லா.”

சனிக்கிழமை பையன் வந்தான். ரயிலில் வந்த அலுப்பு முகத்தில் இருந்தது. எழுதியிருந்தானாம், ஒரே வரியில். மூன்று பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் அந்த வரியைக் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது ஆள் வயசானவர், டூல் ரூமில் இருந்து மேலே வந்தவர் போலிருக்கிறது. கத்தியை எந்தச் சரிவில் பிடிப்பீர்கள், எத்தனை நாளைக்கு ஒருமுறை தீட்டுவீர்கள், மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இவனும் எழுந்து நின்று கையால் சீவிக் காட்டியிருக்கிறான்.

“வேலை?”

“அவுங்களுக்கு வேற சாஃப்ட்வேர் ஒண்ணு தெரிஞ்ச ஆள் வேணுமாம் மாமா. இல்லேன்னுட்டாங்க.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவன் ஃபைலைத் திறந்தான். “அடுத்த வாரம் ஓசூருல ஒண்ணு இருக்கு. பத்துக் காப்பி எடுக்கணும்.”

பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தேன். இப்போது இரண்டே பக்கம். லட்சியத்தைக் காணோம். கோட்டுப் போட்ட போட்டோவும் இல்லை. கோடு போட்ட சட்டையில் இவனே இருந்தான்.

“அந்த வரியை எடுத்துரணுமாடே?” என்றேன்.

“இருக்கட்டும் மாமா,” என்றான். “ஸ்பெல்லிங் மட்டும் பாத்துருங்க.”